ஐந்தே காலுக்கு எழுந்தால் அன்றைக்கு யோகா கிடையாதா?

கேள்வி: எனக்கு வயது 39. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மூன்று வருடமாக யோகா செய்கிறேன். முதல் ஆறு மாதம் வகுப்புக்குப் போனேன். பிறகு வீட்டில்தான், காலை ஐந்து மணிக்கு, ஒரு மணி நேரம். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி முட்டியில் படுகிறது, ஆனால் முதுகு வளைகிறது. பத்மாசனத்தில் வலது கால் ஏறுவதே இல்லை. இழுத்து வைத்தால் முட்டியின் உள்பக்கம் சுருக்கென்கிறது. ஏழெட்டு மாதமாக இடது பிட்டத்துக்கு அடியில், உட்காரும் இடத்தில், ஒரு வலி. பிராணாயாமத்தில் 16-64-32 கணக்கை எட்டப் பார்க்கிறேன். 40 எண்ணுவதற்குள் திணறிவிடுகிறது. சிரசாசனம் இன்னும் சுவர் இல்லாமல் வரவில்லை. ஐந்தே காலுக்கு எழுந்தால் முழுதாகச் செய்ய முடியாதே என்று பாயையே விரிப்பதில்லை. ஒரு தடவை 91 நாள் விடாமல் செய்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு நாள் விட்டது. அப்புறம் மூன்று வாரம் செய்யவே இல்லை. செய்யாத நாளில் மனசு உறுத்தும், ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன். யோகா மனசை லேசாக்கும் என்கிறார்கள். எனக்கு அது இன்னொரு ஆபீஸ் ஆகிவிட்டது. எதை எப்படிச் சரிசெய்வது? பத்மாசனம் எப்போது வரும்?
வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். முதலில் அந்த இடது பக்க வலி. பழக்கம், மனசு, பத்மாசனம் எல்லாம் கொஞ்ச நாள் காத்திருக்கும். இந்த வலியை வைத்துக்கொண்டு இனி ஒரு நாள்கூடக் காலை நீட்டிக் குனிய வேண்டாம்.

தொடையின் பின்பக்கத் தசைகள் மேலே போய் ஒட்டும் இடம், நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற அந்த எலும்புதான். முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்தால் தசையை எலும்போடு கட்டுகிற அங்கேயுள்ள தசைநாண் இழுபடுகிறது. அதோடு எலும்பின் மேல் நசுங்கவும் செய்கிறது. அளவோடு என்றால் தாங்கிக்கொள்ளும். தினமும், விடியற்காலையில், உடம்பு சூடேறும் முன், நெற்றி முட்டியைத் தொட்ட பிறகும் 'முதுகு வளைகிறதே' என்று இன்னும் ஓர் அங்குலம் போகப் பார்த்தால் நாண் நைந்துவிடும். அப்போது அந்த இடம் இறுக்கமாகத் தெரியும். இறுக்கம் என்றால் இன்னும் நீட்ட வேண்டும் என்று நினைத்து மறுநாள் இன்னும் நீட்டுவோம். வலி ஏழெட்டு மாதம் போகாமல் இருப்பதற்கு இந்தச் சுற்றே காரணமாக இருக்கலாம்.

கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று அடித்துச் சொல்ல முடியாது. கெட்டியான நாற்காலியில் அரை மணி உட்கார்ந்தால் வலி கூடுகிறதா, செருப்பு வார் போடக் குனியும்போது தெரிகிறதா, முந்தின நாள் அதிகம் குனிந்திருந்தால் மறுநாள் காலையில் மோசமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். கால் மரத்துப்போவது, முழங்காலுக்குக் கீழே ஷாக் அடித்த மாதிரி இறங்குவது, இருமினால் வலி கூடுவது இருந்தால் அது முதுகுத்தண்டு சமாச்சாரமாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் முதலில் போங்கள்.

தசைநாண் என்றால் செய்ய வேண்டியது இது. காலை நீட்டிக் குனிகிற பச்சிமோத்தானாசனம், ஜானு சிரசாசனம், பாத ஹஸ்தாசனம் மூன்றையும் 12 வாரத்துக்கு நிறுத்துங்கள். சூரிய நமஸ்காரம் செய்தால் குனியும் எண்ணிக்கைகளிலும், அதோமுக சுவானாசனத்திலும் முழங்காலை நன்றாக மடக்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் துவிபாத பீடத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள். மல்லாந்து படுத்து, குதிகாலை வழக்கமான இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றி, இடுப்பை ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கி 30 விநாடி நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி 5 தடவை. நைந்த நாணுக்கு இழுவை ஆகாது, சுமை வேண்டும். சுமை ஏற ஏறத்தான் அது வலுவாகும். செய்யும்போது பத்துக்கு மூன்று வரை வலி தெரிந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி, செய்வதற்கு முன் இருந்த அளவுக்கே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் 30-ஐ 20 ஆக்குங்கள். நாணில் ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஆறு வாரத்தில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்ப்பது நல்லது.

பிறகு பச்சிமோத்தானாசனத்துக்குத் திரும்பும்போது நெற்றியை மறந்துவிடுங்கள். 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார்ந்து, வயிறு தொடையில் படும் வரை முழங்காலை மடக்குங்கள். அந்த ஒட்டுதல் விடாமல் குதிகாலை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். வயிறு தொடையை விட்டு எப்போது பிரிகிறதோ அதுதான் அன்றைய எல்லை. முதுகு வளைகிற கவலை இதில் எழாது. இடுப்பு சாய்வது நின்று முதுகு வளையத் தொடங்குகிற இடத்தில்தான் அந்தப் பிரிவு வரும்.

இனி, எதற்கு நேராக வைத்துப் பார்த்து 'வரவில்லை' என்கிறீர்கள் என்ற விஷயம். இன்று படங்களில் பார்க்கும் பல ஆசன வடிவங்களும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வரிசைகளும் பரவியதற்குப் பெரிய காரணம் 1930-களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் நடந்த யோகசாலை. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அங்கே சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் சிறுவர்களுக்கு. மகாராஜாவின் ஆதரவில் ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. மேடைக்கு ஏற்ற ஆசனம், அதற்கு ஏற்ற வயசு. அதே ஆசிரியர் 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் தனித்தனியாக, ஆளுக்கு ஒரு விதமாக, ஆசனத்தையே மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். மைசூரில் அவரிடம் தொடங்கிய பி.கே.எஸ். ஐயங்கார் வடிவத் துல்லியத்துக்குப் பேர்போனவர். அவரே புனேயில் நாற்காலி, வார், கட்டை, போர்வை என்று வைத்து, வடிவம் ஆளிடம் வரட்டும் என்று வழி செய்தார். நீங்கள் வீடியோவில் உங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது மைசூர்ப் பையன்களோடு. 39 வயதில், நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற ஒருவர் அந்த அளவுகோலில் தோற்கத்தான் செய்வார்.

வயசு ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி பெரியவர்களில் சராசரியாக 15 டிகிரி அளவுக்கு முன்னோக்கித் திரும்பியிருக்கும். இது ஆளுக்கு ஆள் நிறைய மாறும்; ஒரே ஆளுக்கு இடது வலதுகூட ஒன்றுபோல இருக்காது. இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் அது பார்க்கும் திசையும் அப்படியே. நாற்பது வருடம் பயிற்சி செய்தாலும் இவை மாறாது. தசை தடுக்கிறதா எலும்பு தடுக்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தசை தடுத்தால், வளைகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பரவலாக இழுக்கும். நாலு மூச்சு விட்டால் கொஞ்சம் இளகும். சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். எலும்பு தடுத்தால், மடிகிற பக்கத்திலேயே, பெரும்பாலும் தொடை இடுக்கின் முன்னால், கதவு நிலையில் இடித்த மாதிரி நிற்கும். நன்றாக உடம்பு சூடேறிய நாளிலும் அதே இடத்தில்தான் நிற்கும். முதலாவதோடு பொறுமையாக வேலை செய்யலாம். இரண்டாவதோடு மல்லுக்கட்டினால் பக்கத்து மூட்டு பழி சுமக்கும்.

எல்லை எங்கே என்று ஒவ்வொரு ஆசனத்திலும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு மூச்சை வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி தொடங்கும் முன் படுத்தபடி, இயல்பாக விடும் மூச்சு எத்தனை எண்ணிக்கை என்று பாருங்கள். 6 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆசனத்திலும் அது 4-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால், அல்லது தொண்டையில் மூச்சு தட்டினால், பல்லைக் கடித்தால், கால் விரல் மடங்கினால், நாலு விரல் அளவு பின்வாங்குங்கள். இரண்டு மூச்சில் 6 திரும்பி வந்துவிட்டால் அங்கேயே இருங்கள். வராவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். மூச்சு முதலில் சொல்லும், தசை பிறகு சொல்லும், மூட்டு கடைசியில்தான் சொல்லும். மூட்டு சொல்கிற வரை காத்திருந்ததுதான் இப்போதைய நிலைமை.

இன்னொரு மாற்றமும் செய்யுங்கள். ஆசனத்துக்குள் போய் 90 விநாடி நின்று தோளையும் இடுப்பையும் திருத்திக்கொண்டே இருப்பதை விட்டு, மூச்சோடு உள்ளே போய் வெளியே வருவதை 5 தடவை செய்துவிட்டு, ஆறாவது தடவை மட்டும் 4 மூச்சு நில்லுங்கள். அசையும்போது திருத்த நேரம் கிடைக்காது; கவனம் மூச்சில் நிற்கும். அசையாமல் நிற்கும்போதுதான் மனசு தப்பு தேட ஆரம்பிக்கிறது.

துல்லியம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வலியின் இடம், மூச்சின் எண்ணிக்கை, மறுநாள் காலையின் நிலைமை ஆகிய மூன்றிலும் நீங்கள் அலுவலகக் கணக்கு மாதிரி கறாராக இருங்கள். நெற்றி எங்கே படுகிறது என்பதில் தாராளமாக இருங்கள். இப்போது இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன.

பிராணாயாமக் கணக்குக்கு வருகிறேன். பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (விடுவது) 32 என்ற அளவு திருமந்திரத்தில் இருக்கிறது. அது மாத்திரை என்ற பழைய கால அளவின் கணக்கு. கடிகாரத்தின் விநாடி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீண்ட பயிற்சியில், குரு பக்கத்தில் இருக்கும்போது போய்ச் சேருகிற இடமாக அதை வையுங்கள். மூச்சை அடக்கிய பிறகு அடுத்த மூச்சு ஓடி வந்து உள்ளே விழுந்தால், அடக்கியது அதிகம். உங்களுக்கு 40-க்கு முன்பே அது நடக்கிறது. இப்போதைக்குக் கும்பகமே வேண்டாம். 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள், 12 சுற்று. சரியாக இரண்டு நிமிடம் ஆகும். ஒரு மாதம் இது சிரமமில்லாமல் வந்தால் 4-க்கு 8. விடும் மூச்சு நீளும்போது நாடித்துடிப்பு தணியும்; உங்களுக்கு இப்போது வேண்டியது அவ்வளவுதான். கும்பகத்தை நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது.

சாஸ்திரம் சொன்னபடி செய்கிறேன் என்று நினைத்துத்தான் பலரும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே சூத்திரங்கள் (2.46 முதல் 48 வரை). முதலாவது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, முயற்சி தளர்வதால் அது கைகூடும் என்கிறது. பழைய யோக நூலான ஹட யோக பிரதீபிகையின் முதல் அத்தியாயம் யோகத்தைக் கெடுப்பவை என்று ஆறைச் சொல்கிறது: அதிக உணவு, அளவுமீறிய உழைப்பு, வீண்பேச்சு, நியமாக்ரகம், சனக்கூட்டம், அலைபாயும் மனசு. நாலாவதாக வரும் நியமாக்ரகம், அதாவது நியமத்தை இறுகப் பிடித்துக்கொள்வது, என்பதுதான் சுவாரசியமானது. உரையாசிரியர் பிரம்மானந்தர் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பது, இரவில் மட்டும் உண்பது, பழம் மட்டும் உண்பது போன்ற நியமங்களை. சொல்லை வேறு மாதிரி பிரித்து 'நியமத்தைப் பிடிக்காமல் இருப்பது' என்று நேர் எதிராகப் பொருள் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அளவுமீறிய உழைப்பைப் பற்றி இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

இப்போது ஐந்தே கால். வரவேண்டிய 60 ரூபாயில் 45 வந்தால் உங்கள் பேரேட்டில் பூஜ்யம் என்றா எழுதுவீர்கள்? யோகாவில் மட்டும் எழுதுகிறீர்கள். இதற்கு மனதைத் திடப்படுத்திக்கொள்வது உதவாது. காலையில் தூக்கக் கலக்கத்தில் மனசு பழைய கணக்கையே போடும். முந்தின நாளே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். 12 நிமிடம், 25 நிமிடம், 50 நிமிடம் என்று மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே மாதிரி தொடங்கட்டும்: பாயில் மல்லாந்து படுப்பது. படுத்த பிறகுதான் இன்றைக்கு எந்த அளவு என்று முடிவு. 12-ஐ இல்லாதப்பட்டவர்களின் யோகா என்று நினைக்காதீர்கள். அதுதான் அடிப்படை, மற்ற இரண்டும் அதன் மேல் கட்டியவை.

12 நிமிடத்தில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மடக்கிப் படுத்து 8 மூச்சு. அபானாசனம் 6 தடவை. மூச்சை விடும்போது முழங்கால்கள் வயிற்றை நோக்கி வரட்டும், இழுத்து அமுக்க வேண்டாம். துவிபாத பீடம் 6 தடவை, மூச்சை இழுத்தபடி ஏறி, விட்டபடி இறங்குவது. கை முழங்கால் ஊன்றிச் சக்ரவாகாசனம் 6, மூச்சை விட்டபடி இடுப்பைக் குதிகாலை நோக்கிப் பின்னால் கொண்டுபோய், இழுத்தபடி திரும்புவது. எழுந்து நின்று, மூச்சோடு கைகளை மேலே தூக்கி இறக்குவது 6. குப்புறப் படுத்து புஜங்காசனம் 4, தொப்புள் தரையை விட்டுக் கிளம்பாத உயரம் போதும். உட்கார்ந்து அந்த 4-6 மூச்சு, 12 சுற்று. மீதி நேரம் சவாசனம். சவாசனத்தைத்தான் அவசரத்தில் முதலில் வெட்டுவோம். வெட்டாதீர்கள், புஜங்காசனத்தை வேண்டுமானால் வெட்டுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நேரம் இருந்தாலும் 12 நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். நேரம் இல்லாத நாளில் குறைத்தால் மனசு 'வேற வழியில்லை' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும். அதில் ஒன்றும் மாறாது. முழுதாகச் செய்ய முடிந்தும் பாதியில் எழுந்தால்தான் பயத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். பாயை மடித்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: 'இன்றைக்கு அரைகுறை. என்ன ஆகும் என்று நினைக்கிறேன்?' முதுகு பிடிக்கும், நாள் முழுக்க உறுத்தும், நாளைக்கும் விட்டுப்போகும், எதுவானாலும். உறுத்தல் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் போடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மறுபடி ஓர் எண். நினைத்தது நடந்ததா என்று ஒரு வரி. முதல் வாரம் காலை எண் அதிகமாகத்தான் இருக்கும். மூன்று நாலு வாரம் ஆன பிறகு தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். உளவியல் சிகிச்சையில் இந்த மாதிரிப் பழக்கத்துக்குச் செய்யும் சோதனை இதுதான். அறிவுரை கேட்டு விடாத பயம், தன் கையால் எழுதிய கணக்கைப் பார்த்தால் குறையும்.

போன் ஸ்டாண்டை 30 நாளைக்கு அலமாரியில் வையுங்கள். கேமராவுக்கு வடிவம் மட்டும்தான் தெரியும். மூச்சு தட்டியதும், நாண் இழுபட்டதும், பல் கடித்ததும் அதில் பதியாது. பதியாதவை மூன்றும்தான் உங்களுக்கு வலி கொடுத்தவை. அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை எடுக்கலாம், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடி. உதாரணமாக, வீரபத்ராசனத்தில் முன் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா. பதில் கிடைத்ததும் அழித்துவிடுங்கள். நோட்டும் மாறட்டும். எத்தனை விநாடி நின்றேன் என்பதற்குப் பதிலாக மூன்று கட்டம் போதும்: எத்தனை நிமிடம் செய்தேன், எந்த இடத்தில் மூச்சு குறுகியது, மறுநாள் காலை வலி எத்தனை.

தொடர் நாள் கணக்கை நிறுத்திவிடுங்கள். 91 ஆனதும் 92-ஆவது நாள் பெரிய விலைமதிப்புள்ள பொருள் ஆகிவிடுகிறது. அது உடைந்ததும் மிச்சம் எதற்கு என்று தோன்றுகிறது. மாதத்துக்கு 18 நாள் என்று எண்ணுங்கள். எந்த 18 என்பது கணக்கில் இல்லை, 12 நிமிட நாளும் ஒரு நாள்தான். கல்யாணம் வரும், மாதவிடாய் வரும், வரித் தாக்கல் கடைசித் தேதி வரும். பதஞ்சலி நெடுங்காலம், இடைவிடாமல், மரியாதையோடு செய்த பயிற்சி உறுதிப்படும் என்கிறாரே என்று கேட்கலாம். வருஷக்கணக்கில் வைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் போன ஒரு நாள் அந்த இடைவிடாமையை உடைக்காது, அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் உடைத்தது. விட்ட நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாகச் செய்வதும் வேண்டாம். வாரம் முழுக்க விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை 108 சூரிய நமஸ்காரம் போட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. செய்யாத நாளில் ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறீர்கள். உடற்பயிற்சி விட்டதற்குச் சாப்பாட்டில் அபராதம் கட்டுவது சின்ன விஷயமாகத் தொடங்கும், சின்னதாகவே இருந்துவிடாது. இனி இரண்டு வாரம், யோகா செய்தாலும் செய்யாவிட்டாலும், இரவு அதே நேரத்தில் அதே அளவு சாப்பிடுங்கள். அது முடிந்தால் நல்லது. முடியவில்லை என்றால், அல்லது தினமும் எடை பார்க்கிறீர்கள், மாதவிடாய் தள்ளிப்போகிறது, வேலையிலும் வீட்டிலும் இதே உறுத்தல் இருக்கிறது என்றால், ஆசனத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.

சிரசாசனம்: சுவரோடு செய்வது போதும், செய்யாமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. சிரசாசனத்தில் கண்ணழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று சென்னைக் கண் மருத்துவர்கள் செய்த ஆய்வு 2006-ல் வெளியானது. நாற்பதை நெருங்குகிறீர்கள்; கண்ணழுத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். கழுத்து எலும்பில் கோளாறு இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக, பத்மாசனம் எப்போது வரும் என்று கேட்டீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கணுக்காலை இடது தொடையின் மேல், முழங்காலுக்குச் சற்று முன்பாக, வையுங்கள். கையால் அமுக்காதீர்கள். வலது கீழ்க்கால் தரைக்கு ஏறக்குறைய இணையாக நின்றால் இடுப்பு மூட்டு திரும்புகிறது என்று அர்த்தம். முழங்கால் கணுக்காலைவிட ஒரு சாண் மேலே நின்றால் திரும்பவில்லை. அந்த நிலைமையில் பாதத்தை இழுத்துத் தொடை மேல் வைத்தால் மிச்சத் திருப்பத்தை முழங்கால் செய்ய வேண்டியிருக்கும். முழங்கால் மடங்குவதற்கு ஏற்ற மூட்டு, திரும்புவதற்கு ஏற்றதல்ல. உள்பக்க ஜவ்வு நசுங்குகிறது. நீங்கள் 'சுருக்' என்கிறது அதுவாக இருக்கலாம். பிட்டத்தின் வெளிப்பக்கம் இழுத்தால் பொறுத்துக்கொள்ளலாம், முழங்காலின் உள்பக்கம் ஒரு சின்னச் சுருக்கென்றாலும் அந்த நொடியே காலை இறக்கிவிட வேண்டும். அதே நாற்காலியில் அந்த நிலையிலேயே முதுகு நிமிர்ந்தபடி தொப்புளைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் 6 மூச்சு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தடவை, மூன்று மாதம் செய்து பாருங்கள். இடது பக்கம் முன்னால் சாயும்போது பிட்டத்தின் அடியில் வலி தெரிந்தால் நிமிர்ந்தே இருங்கள், சாய வேண்டாம். முழங்கால் இறங்கினால் தசைதான் தடுத்திருக்கிறது, வழி இருக்கிறது. ஒரு விரல்கூட இறங்காமல், தொடை இடுக்கில் இடித்துக்கொண்டே இருந்தால் வலது கால் ஏறாமலே போகலாம். அப்போது வலது காலை அடியில் வைத்து இடது பாதத்தை மட்டும் மேலே வைத்து அர்த்த பத்மாசனம், இல்லையென்றால் பாதத்தைத் தொடை மேல் ஏற்றாமல் கால் மடித்து உட்காரும் சுவஸ்திகாசனம். எதில் உட்கார்ந்தாலும் இரண்டு முழங்காலும் இடுப்பு மட்டத்துக்கு மேலே நிற்கக் கூடாது. நின்றால் போர்வையை இன்னொரு மடிப்பு மடித்து அடியில் போடுங்கள். தொங்குகிற முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுங்கள்.